இரவு வேட்டைக்கான விலக்குகளின் வரலாறு: பரமத்தி வேலூர், கொல்லிமலைப் பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இருட்டிய பின் வேட்டையாடுதல் தமிழகத்தில் எப்போது, எந்த நோக்கில் சட்ட வரையறைக்குள் வந்தது என்பதைப் பரமத்தி வேலூர்ச் சமவெளியையும் அதன் வடகிழக்கே அமைந்த கொல்லிமலையையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கிய வேட்டைக் குறிப்புகளும் 1882, 1912, 1972 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. இரவு வேட்டைக்கான தடை மனித உயிர்ப் பாதுகாப்பைக் கருதி எழுந்ததன்று. பெரிதும் விளையாட்டு வேட்டையின் ஒழுக்க நெறியிலிருந்து எழுந்தது. அதன் விளைவாகப் புனங்காவலுக்கும் வேட்டைக்கும் இடையிலிருந்த வேறுபாடு சட்டத்தில் மங்கியது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: இரவு வேட்டை, காப்புக்காடு, புனங்காவல், கொல்லிமலை, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பன்றி

காடு என்னும் சொல்

பரமத்தி வேலூர் வட்டாரத்தில் ஒருவர் காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால், அவர் தம் நிலத்துக்குப் போயிருக்கிறார் என்பதே பொருள். காவிரியின் வாய்க்கால் பாசனம் பெறும் நிலம் வயல். நீரேறாத மேட்டு நிலம் மேட்டுக்காடு. சோளக்காடு, கடலைக்காடு, தோட்டங்காடு என விளைபொருளாலும் பாசனத்தாலும் காடுகள் பெயர் பெறும். கொங்குப் பேச்சு வழக்கின் இப்பொருளைக் கருதாமல் இப்பகுதியின் வேட்டை வரலாற்றை எழுத முற்படுவது பிழையான முடிவுகளுக்கே இட்டுச் செல்லும். 'ராத்திரி காட்டுக்குப் போனான்' என்ற வாக்குமூலம் நீதிமன்ற மொழியில் காப்புக்காட்டினுள் அத்துமீறி நுழைந்ததாகப் பொருள்படக்கூடும். சொன்னவர் கருதியதோ கடலைக்காட்டுக் காவலாக இருக்கலாம்.

சட்டம் நிலத்தை வேறு வகையில் பகுக்கிறது. காப்புக்காடு, புறம்போக்கு, பட்டா நிலம் என்பன அதன் பகுப்புகள். முயலும் பன்றியும் இவ்வெல்லைகளை அறியா. அவற்றைத் தொடர்ந்து செல்பவரும் இருட்டில் எல்லைக் கல்லைக் கண்டு நிற்பதில்லை. இரவு வேட்டை குறித்த விதிகளின் சிக்கல் பெரும்பகுதி இங்கிருந்தே தொடங்குகிறது.

ஆவணங்களைத் தேடுவோர்க்கு ஒரு செய்தி. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நாமக்கல் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைக்கப்பெற்று 1929இல் மீண்டும் சேலத்துக்குத் திரும்பியது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எனவே பரமத்தி வேலூர்ப் பகுதியைப் பற்றிய காலனிய காலக் குறிப்புகளைச் சேலம் ஆவணங்களில் மட்டும் தேடுவது போதாது.

இலக்கியத்தில் இரவும் வேட்டையும்

கொல்லிமலைக்குத் தலைவனாகிய வல்வில் ஓரியின் வேட்டையைப் புறநானூறு 152ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவிச் சென்றமை அதில் புகழப்படுகிறது. இது தலைவனின் வேட்டை. அவனுடைய வில்லாற்றலைக் காட்டும் வேட்டை. ஊரார் உணவுக்கும் பயிர்க்காப்புக்கும் செய்த வேட்டையை அறிய வேறு பாடல்களை நாட வேண்டும்.

அவ்வகையில் பெரும்பாணாற்றுப்படை தரும் செய்தி முதன்மையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினரின் வேட்டையை இரவு, பகல் என இரு கூறாக்கிக் காட்டுகிறார். நள்ளிரவில் நீர் வேட்கையோடு வரும் காட்டுப்பன்றியை எதிர்நோக்கிக் குழியினுள் ஒளிந்திருப்பது ஒன்று. அது வாய்க்காதபோது பகலில் நாய்களைக் கொண்டு புதர்களைக் கலைத்து, வலை கட்டி, முயலைப் பிடிப்பது மற்றொன்று. இரவு வேட்டையே முதலில் வைக்கப்படுவதும் பகல் வேட்டை அதற்கு மாற்றாகக் கூறப்படுவதும் கருதத்தக்கன. பாடல் தொண்டை நாட்டுத் தலைவன் இளந்திரையனைப் பற்றியது. ஆதலின் கொல்லிமலைக்கு நேர்ச்சான்றாக அதனைக் கொள்ளுதல் இயலாது. எனினும் இரவு, நீர்நிலை, குழி, நாய், வலை என்னும் ஐந்தும் தமிழ்நிலத்தில் தொன்மையான, இயல்பான வேட்டை முறைகளாக இருந்தன என்பதற்கு இது போதிய சான்று.

மலைபடுகடாம் தரும் செய்தி பாதுகாப்பைப் பற்றியது. பெருங்கௌசிகனார், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுகையில், பன்றிக்கு அஞ்சித் தினைப்புனத்தின் நுழைவழிகளில் பெரிய கற்களால் ஆன பொறிகள் வைக்கப்பட்டிருப்பதைச் சுட்டுகிறார். ஆகவே இருளில் செல்லாது தங்கிப் பொழுது விடிந்தபின் அவ்வழியைக் கடக்குமாறு அறிவுறுத்துகிறார். புனங்காவலர் யானையை நோக்கி எறியும் கவண்கற்களுக்கு மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுமாறும் கூறுகிறார். பொறி வைத்தவர் யார், எங்கு வைத்துள்ளார், எந்நேரம் ஆபத்து என்பன அப்புலத்தில் வெளிப்படையாக அறியப்பட்ட செய்திகள். வழிப்போக்கனுக்கும் அவை சொல்லப்பட்டன. இக்கூறு பின்னர் இக்கட்டுரையில் மீண்டும் கருதப்படும்.

1882: இரவைச் சொல்லாத தடை

1878ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வரவில்லை. மாகாணம் தனக்கெனச் சென்னைக் காட்டுச் சட்டத்தை 1882இல் இயற்றியது. காப்புக்காடு என்னும் சட்ட வகைமை கொல்லிமலைச் சரிவுகளில் நிலைகொண்டது இதன் வழியேதான். இச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசு வகுக்கும் விதிகளுக்கு மாறாகக் காப்புக்காட்டில் வேட்டையாடுதல், சுடுதல், மீன்பிடித்தல், நீரில் நஞ்சிடுதல், கண்ணி வைத்தல் ஆகியவற்றைக் குற்றமாக்கியது. இரவு என்னும் சொல் அங்கு இடம்பெறவில்லை.

ஆனால் அதே பிரிவு, அனுமதியற்ற காலத்தில் காப்புக்காட்டினுள் தீ மூட்டுதலையும் தீயை ஏந்திச் செல்லுதலையும் குற்றமாக்கியது. காட்டுத்தீயைத் தடுப்பதே இதன் நோக்கம் என்பதில் ஐயமில்லை. மின்கல விளக்கு இல்லாத காலத்தில் இதன் விளைவு நோக்கத்தைக் கடந்து சென்றது. மலைவாழ் மக்களுக்கு இரவு நடைக்கு உரிய ஒரே துணை தீப்பந்தம். விலங்கை விரட்டுவதும் பாம்பை விலக்குவதும் ஆள் வருவதை மற்றவர்க்கு அறிவிப்பதும் அதுவே. பந்தத்தோடு சென்றால் தீயேந்திய குற்றம். பந்தமின்றிச் சென்றால் உயிருக்கு ஆபத்து. வேட்டையே ஆடாத ஒருவரும் இரவில் காப்புக்காட்டைக் கடந்தமைக்காகவே குற்றவாளி ஆகக்கூடிய நிலை இவ்வாறு உருவாயிற்று. இரவைப் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டிய தேவை 1882இன் சட்டத்துக்கு இருக்கவில்லை என்றே கொள்ளலாம்.

விளையாட்டு வேட்டையின் ஒழுக்கம்

இரவைப் பெயர் சொல்லித் தடுக்கும் மரபு இங்கிலாந்தில் பழையது. 1828ஆம் ஆண்டின் இரவுக் கள்ளவேட்டைச் சட்டம், கதிர் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தது முதல் கதிர் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரையிலான பொழுதை இரவு என வரையறுத்தது. ஆயுதத்துடன் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து நுழைந்தால் 14 ஆண்டுகள் வரை நாடு கடத்தலாம் என்றும் விதித்தது. அங்குப் பாதுகாக்கப்பட்டது பெருநிலக்கிழாரின் வேட்டை உரிமை. முயலைக் காப்பது அச்சட்டத்தின் கருத்தன்று.

தென்னிந்தியாவில் வேட்டை விதிகளின் முன்னோடி நீலகிரி. 1877இல் அங்கு வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. உரிமம், வேட்டை விலக்குக் காலம் ஆகிய இரண்டும் அதன் தூண்கள். இச்சங்கங்களில் வளர்ந்த ஒழுக்க நெறி, விலங்குக்குத் தப்பிச் செல்லும் வாய்ப்பைத் தருவதே மேன்மையான வேட்டை என்றது. உறங்கும் விலங்கு, நீருண்ணும் விலங்கு, விளக்கொளியில் கண்கூசி நிற்கும் விலங்கு ஆகியவற்றைக் கொல்லுதல் இழிவெனப்பட்டது. இந்நெறியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒளியில் நிலைத்து நிற்கும் மானைச் சுடுவதால் ஒரே இரவில் ஒரு கூட்டமே அழியக்கூடும். ஆயினும் அந்நெறி பொழுதுபோக்குக்காக வேட்டையாடியவரின் நெறி என்பதை மறத்தலாகாது. பயிரைக் காக்க விழித்திருந்தவர் அதனை வகுத்தவருள் இலர்.

1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் விலக்குக் காலம் என்னும் கருத்தை நாடு முழுதும் விரித்தது. அதன் பட்டியலில் மான் இனங்களுடன் முயலும் இடம்பெற்றது, காட்டுப்பன்றி இடம்பெறவில்லை. அத்துடன், தன்னையோ பிறரையோ காக்கவும், நல்லெண்ணத்துடன் தன் உடைமையைக் காக்கவும் விலங்கைக் கொல்லுதலுக்கு இச்சட்டம் பொருந்தாது என்னும் விதிவிலக்கும் அதில் இருந்தது. விளைந்து நிற்கும் சோளம் உடைமை. ஆதலின் மேட்டுக்காட்டுப் பரணில் விழித்திருந்த உழவர் இச்சட்டத்தின் முன் குற்றவாளியல்லர். இவ்விதிவிலக்கு ஆய்வாளரால் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

1972: பதினேழாம் பிரிவு

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் இருந்த 17ஆம் பிரிவு வேட்டை முறைகளுக்கான விலக்குகளைத் தொகுத்துக் கூறியது. ஊர்தியிலிருந்து வேட்டையாடுதல், வெடிபொருள், நஞ்சு, வலை, குழி, கண்ணி ஆகியவற்றைப் பயன்படுத்துதல், வேட்டைக்காகப் புதருக்குத் தீயிடுதல், செயற்கை விளக்கைப் பயன்படுத்துதல், கதிர் மறைவு முதல் கதிர் எழும் வரை வேட்டையாடுதல், உப்புநிலத்திலும் நீர்நிலையிலும் அவற்றுக்குச் செல்லும் வழியிலும் காத்திருந்து வேட்டையாடுதல், நாய்களைக் கொண்டு வேட்டையாடுதல் என அது விரிந்தது. நீர்ப்பறவை, கௌதாரி, காடை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இவற்றுள் சில தளர்த்தப்பட்டன.

பெரும்பாணாற்றுப்படையின் எயினர் வேட்டையை இப்பிரிவின் அருகில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் வியப்பளிக்கும். இரவு, நீர்நிலை, குழி, நாய், வலை ஆகிய ஐந்தும் ஒன்றுவிடாமல் விலக்கப்பட்டிருந்தன. சட்டம் இயற்றியோர் அப்பாடலை அறிந்திருக்கத் தேவையில்லை. மரபான ஊர் வேட்டை எவ்வெவற்றால் ஆனதோ அவ்வனைத்தையும் விளையாட்டு வேட்டையின் ஒழுக்கம் ஏற்கெனவே மறுத்து வைத்திருந்தது. 1972 அம்மறுப்பைச் சட்டமொழியில் எழுதியது.

இரவின் வரையறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சட்டம் அந்திக்கும் வைகறைக்கும் ஒவ்வொரு மணி நேரம் விட்டுக்கொடுத்தது. இந்தியச் சட்டம் கதிர் மறைந்த கணத்திலேயே இரவைத் தொடங்கியது. முயலும் பன்றியும் மேய்ச்சலுக்கு வெளிப்படும் பொழுது அந்தி. ஆகவே இம்மாற்றம் சிறியதன்று.

தடைக்கு ஒரு விதிவிலக்கும் தரப்பட்டது. இரையைக் கொன்று விட்டுச் சென்ற ஊனுண்ணி விலங்கு மீண்டும் அவ்விரைக்கு வருகையில், உரிமத்தில் தனியே அனுமதிக்கப்பட்டிருந்தால், இரவிலும் விளக்கொளியிலும் அதைச் சுடலாம். பரணில் அமர்ந்து புலிக்காகக் காத்திருக்கும் காலனிய வேட்டைக் காட்சியே இங்கு விதியாக உறைந்திருக்கிறது. அன்றைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியாகிய ஜவளகிரியில் ஆட்கொல்லிப் புலிக்காகக் காத்திருந்ததைக் கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியான தம் முதல் நூலில் விரித்துரைக்கிறார். அவ்வகைக் காத்திருப்புக்குச் சட்டம் இடம் தந்தது. பன்றிக்காகப் பரணில் இருந்தவருக்கு அதே விதிவிலக்கு கிடைக்கவில்லை.

இதனினும் ஆழமான மாற்றம் 11ஆம் பிரிவில் நிகழ்ந்தது. தன்னுயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்லுதல் குற்றமன்று என்பது அங்கும் தொடர்ந்தது. உடைமை என்னும் சொல் அத்தொடரிலிருந்து நீங்கியது. பயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல இனி உரிய அலுவலரின் எழுத்து வடிவ ஆணை தேவை. 1912இல் உழவரிடம் இருந்த தீர்மானிக்கும் உரிமை 60 ஆண்டுகளில் அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. இரவு வேட்டையின் வரலாற்றில் 17ஆம் பிரிவினும் இது முதன்மையானது எனலாம். நள்ளிரவில் பன்றி வந்து நிற்கையில் ஆணைக்காக யாரிடம் செல்வது என்னும் வினாவுக்குச் சட்டம் விடை தரவில்லை.

இதற்கிடையே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உண்மையான பயிர்க்காப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடமளித்து வந்தது. ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கியைத் தருகிறது. மற்றொரு சட்டம் அதனால் எதையும் ஆணையின்றிச் சுடலாகாது என்கிறது. இம்முரண் இன்றளவும் தீர்க்கப்படவில்லை.

1991க்குப் பின்

1991இன் திருத்தம் வேட்டை உரிமங்களை அடியோடு நீக்கியது. முழு வேட்டையும் விலக்கப்பட்டபின் முறைகளை ஒழுங்குபடுத்தும் 17ஆம் பிரிவுக்கு வேலையில்லை, அதுவும் நீங்கியது. இரவு வேட்டை என்னும் தனிக் குற்றம் இவ்வாறு சட்டத்திலிருந்து மறைந்தது. பகலென்றும் இரவென்றும் பாகுபாடின்றி 9ஆம் பிரிவின் பொதுத் தடையே எஞ்சியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபுரிமைகளை ஏற்றபோதும், விலங்குகளை வேட்டையாடும், பொறிவைத்துப் பிடிக்கும் மரபுரிமையை வெளிப்படையாக விலக்கியது. கொல்லிமலை மலையாளி மக்களுக்கும் இது பொருந்தும். சேலம் வாழப்பாடிப் பகுதியில் பொங்கலையொட்டி வங்காநரி பிடித்து ஊர்வலம் விடும் வழக்கத்துக்கு வனத்துறை தண்டம் விதித்து வருவதும், ஊரார் அதைக் கூட்டாகச் செலுத்துவதும் இத்தொடர்ச்சியின் ஒரு கூறு.

தடையின் பயனை மறுக்க இயலாது. அழிவின் விளிம்பிலிருந்த பல உயிர்கள் அதனால் எஞ்சின. ஆனால் வேட்டை ஒழிந்ததா என்பது வேறு வினா. அது ஓசையற்ற வடிவங்களை எடுத்தது. நாட்டுத் துப்பாக்கிக்கு உள்ள ஆபத்து அதன் அமைப்பிலேயே உள்ளது. வாய்வழியே கருமருந்தும் ரவையும் கெட்டித்து ஏற்றியபின் சுட்டாலன்றி எளிதில் காலி செய்ய முடியாது. வேட்டை வாய்க்காமல் திரும்புபவர் ஏற்றிய துப்பாக்கியுடனேயே இருளில் இறங்கி வருகிறார். புதரில் அசைவது பன்றியா, உடன் வந்தவரா என்பதை ஒரு விளக்கின் ஒளிவட்டத்தில் தீர்மானிக்க நேர்கிறது. அவுட்டுக்காய் என வழங்கும் வெடிப்பொதியோ கடித்த வாயைச் சிதைக்கும். அது பன்றியின் வாயா, மேயவந்த மாட்டின் வாயா, யானையின் வாயா என்று பார்ப்பதில்லை.

இவை எல்லாவற்றினும் கொடியது மின்கம்பி. 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, காட்டுப்பன்றிக்காகச் சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. அதே ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. மலைபடுகடாம் காட்டும் கற்பொறியும் இக்கம்பியும் ஒரே நோக்கத்தன: பன்றியைத் தடுப்பன. முன்னதை வைத்தவர் வழிப்போக்கரை எச்சரிக்க அஞ்சவில்லை. பின்னதை வைப்பவர் தம் செயலே குற்றம் என்பதால் அதை மறைக்கிறார். எச்சரிக்கை அவரைக் காட்டிக்கொடுக்கும். அண்டைக் காட்டுக்காரரோ, விடியுமுன் நீர் பாய்ச்சச் செல்பவரோ அதை அறிய வழியில்லை. இரவுப் பாதுகாப்பின் முதல் தேவையாகிய அறிவிப்பே இங்கு அற்றுப்போகிறது.

ஆபத்து வேட்டைக்குச் செல்வோர்க்கும் சட்டத்தைக் காப்போர்க்கும் இடையிலும் உண்டு. 2023 பிப்ரவரியில் மேட்டூர் அணைக்கு மேலே, தமிழக கர்நாடக எல்லையிலுள்ள பாலாறு பகுதியில், சேலம் மாவட்டம் கோவிந்தபாடியிலிருந்து பரிசலில் சென்றவர்கள் மீது கர்நாடக வனத்துறையினர் இரவில் சுட்டதாகக் கூறப்பட்ட நிகழ்வில் ஒருவர் உயிரிழந்தார். மான் வேட்டைக்கு வந்தனர் என்பது ஒரு தரப்பு. மீன் பிடிக்கச் சென்றனர் என்பது மறுதரப்பு. பரமத்தி வேலூரைத் தொட்டு ஓடும் அதே காவிரியின் மேற்பகுதியில், நீரின் நடுவே செல்லும் மாநில எல்லை, இருளில் எவர் கண்ணுக்கும் புலப்படாதது. அங்கு நோக்கத்தை மெய்ப்பிப்பது எளிதன்று.

தொலைவு என்னும் புதிய அளவுகோல்

அண்மை ஆணைகள் பன்றிச் சிக்கலைப் புதிய முறையில் அணுகுகின்றன. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கியாளர் அதை நிறைவேற்றலாம். நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகியன கூடா. தமிழகம் 2025 ஜனவரியில் வேறு வழியைத் தேர்ந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடவோ பிடிக்கவோ இடமில்லை. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். கேரளத்தில் தீர்மானம் ஊருக்கு அருகே வந்தது. தமிழகத்தில் துறையிடமே நின்றது.

1972இன் விதி பொழுதை அளந்தது. 2025இன் ஆணை தொலைவை அளக்கிறது. பரமத்தி வேலூரின் ஆற்றங்கரை நிலங்கள், கொல்லிமலைக் காப்புக்காடுகளிலிருந்து நோக்கினால், மூன்றாம் வகையைச் சாரும். அங்குப் பன்றி புகுந்தால் துறையின் துப்பாக்கி வரலாம். மலைப்பாதை தொடங்கும் காரவள்ளியிலும் சேந்தமங்கலத்தை அடுத்த அடிவார ஊர்களிலும் காப்புக்காட்டு எல்லையை ஒட்டியே விளைநிலங்கள் உள்ளன. பன்றியின் வரவு மிகுதியாக எதிர்பார்க்கக்கூடிய அந்நிலங்கள் முதல் வகைக்குள் அடங்குவன. அங்குள்ள உழவர்க்குத் துப்பாக்கியும் இல்லை, கூண்டும் இல்லை. பரணும் பறையொலியும் கைவிளக்கும் கொண்ட பழைய புனங்காவலே அவருக்குச் சட்டம் விட்டுவைத்திருப்பது.